காய்ச்சலோடு குரூப் 4-க்குப் படித்த கதை

2025 ஜூலை 12 குரூப் 4 தேர்வு. பத்து நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல். எங்கள் ஊர், ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் அப்போது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று; ஜன்னலைத் திறந்தால் புத்தகமெல்லாம் மணல், மூடினால் புழுக்கம். 102 டிகிரியோடு போர்வைக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பத்தாயிரம் ரூபாய், 10 சதவீதம், இரண்டு வருடம், கூட்டு வட்டி எவ்வளவு? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 2,100 என்பேன். அன்றைக்கு மூன்று முறை 2,000 என்று எழுதி, மூன்று முறையும் சரிதான் என்று நம்பினேன். மூளை மந்தமானது அந்த மூளைக்கே தெரியவில்லை.

கஞ்சியில் உப்பில்லை என்று அம்மாவிடம் கத்தினேன். (நாக்கே செத்துக் கிடக்கும்போது உப்பைப் பற்றி என்ன தீர்ப்பு!) ராத்திரி, இனி தேர்வே வேண்டாம் என்று நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டேன். மறுநாள் அம்மா பேசாமல் இறக்கி வைத்திருந்தார்.

பாரசிட்டமால் போட்டதும் சூடு இறங்கியது. சரி, படிக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரே பத்தியை நாலு தரம் படித்தும் ஒன்றும் ஏறவில்லை. கிருமியோடு மல்லுக்கட்டும் செல்கள் இன்டர்லூகின் போன்ற ரசாயனங்களை விடுகின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் உடல் சூட்டை ஏற்றுவது அவற்றால்தான். சோர்வு, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை இவற்றுக்கும் அவைதான் காரணம். மாத்திரை சூட்டைத் தணிக்கும். உள்ளே நடக்கிற சண்டை அதுபாட்டுக்கு நடக்கும்.

அதனால் அந்த நாட்களில் புதுப் பாடம் தொடாதீர்கள், தேர்வை விடுவதா என்ற முடிவும் எடுக்காதீர்கள். நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, தங்கச்சியை நூல், ஆசிரியர் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதி தூங்கிவிட்டேன், பரவாயில்லை.

ஆனால் ஆள் அடையாளம் தெரியாமல் உளறினாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ அது வெறும் மந்தமல்ல, உடனே ஆஸ்பத்திரி. டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபென் பக்கமே போக வேண்டாம். டெங்குவில் சூடு இறங்கும் சமயத்தில்தான் ஆபத்து. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு வருகிறதா என்று பாருங்கள்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் மாதிரித் தேர்வு எழுதினேன். ஒரு கேள்வியைத் தாண்டியதில், அதற்குப் பின் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் நிரப்பிய எல்லா வட்டமும் ஒரு வரிசை தள்ளி! அப்புறம், பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கப் பழகினேன். நிஜத் தேர்வில் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். தலை தெளிவாக இருக்கும்போதே கணக்கை முடித்துவிட்டு, தமிழைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.