காலை ஊன்றாதேங்கோ, சித்தப்பா

சித்தப்பா பனையால் விழுந்து இன்றோடு 38 நாள். இடுப்பெலும்பு முன்னும் பின்னும் முறிந்துவிட்டது. முன்னால் பிளேட், பின்னால் பக்கவாட்டில் இரண்டு நீள ஸ்குரூ. மூன்று மாதத்துக்கு இடது காலை ஊன்றக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வருகிற சனமோ, "இரும்பு பூட்டியாச்சுத்தானே, மெல்ல மெல்ல நடவுங்கோவன்" என்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை கொங்கிரீட் கியூப்களை மெஷினில் நசுக்கிப் பார்ப்பது. இடுப்பெலும்புக்கும் இப்படியொரு சோதனை இருக்கிறது என்று தெரிந்ததும் இரவிரவாக வாசித்தேன்.

இடுப்பு ஒரு வளையம். கண்ணாடிக் காப்பைப் போல, அநேகமாக ஒரு இடத்தில் மட்டும் உடையாது. உடல் பாரம் முதுகெலும்பால் இறங்கி, பின்பக்க மூட்டுகள் வழியாகத் தொடைக்குப் போகிறது. அந்த மூட்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் நார்கள் உடம்பிலேயே மிகப் பலமானவற்றில் சில. அவை அறுந்தால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறிவிடும்.

சோதனைக்கு, தானமாகக் கிடைத்த உடலின் இடுப்பையோ நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த போலி எலும்பையோ எடுப்பார்கள். அதை முறிந்ததுபோல வெட்டி, ஒவ்வொரு விதமாகப் பூட்டி, ஒற்றைக் காலில் நிற்பதுபோல மெஷினில் நிறுத்தி, ஆயிரக்கணக்கான தடவை அமத்தி அமத்தி விடுவார்கள். எப்போது உடைகிறது என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன்பே, வெட்டின இரண்டு கரையும் எத்தனை மில்லிமீற்றர் விலகுகின்றன என்று அளப்பார்கள். முன்னால் மட்டும் பூட்டினால் பின்பக்கம் அசைகிறது. முன்னும் பின்னும் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கிறது. ஒற்றை ஸ்குரூ என்றால் எலும்பு அதைச் சுற்றிச் சுழலப் பார்க்கும். இரண்டாவது அதைத் தடுக்கும். ஆனாலும் முறியாத இடுப்பின் விறைப்பு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

ஒற்றைக் காலில் நின்றால் தொடை மூட்டில் விழுவது உடல் எடையின் இரண்டு மடங்குக்கும் மேல். சித்தப்பா 60 கிலோ. குசினிக்கு ஒரு எட்டு வைத்தாலே 120 கிலோவைத் தாண்டும். ஒரு நாளைக்கு எத்தனை எட்டு!

ஸ்குரூவை நான் முட்டு என்றுதான் பார்க்கிறேன். வீட்டுக்குக் கொங்கிரீட் தட்டுப் போட்டால், அது இறுகும்வரை முட்டைக் கழற்ற மாட்டோம், மேலே பாரமும் ஏற்ற மாட்டோம். மெஷினில் கிடக்கும் எலும்பு ஒருநாளும் பொருந்தாது. சித்தப்பாவின் எலும்பு பொருந்தும், அசைக்காமல் விட்டால்.

நேற்றுப் பின்னேரம் கதிரையால் எழும்பும்போது அவருடைய இடது பெருவிரல் நிலத்தில் பட்டுவிட்டது. சித்தி கத்திவிட்டா. அவர் முகம் வெளிறிப்போய், "விலகியிருக்குமோ தம்பி?" என்று கேட்டார்.

"பாரம் போடேல்லைத்தானே, ஒன்றும் ஆகாது" என்றேன். அடுத்த எக்ஸ்ரே வருகிற கிழமை.