ஒரே பிரதி, நாலு பேர், இரண்டு மழைக்காலம்

நண்பர்கள் சேர்ந்து மிகைபுனைவும் (ஃபேன்டசி) அறிவியல் புனைவும் வாசித்தால் பேச்சு பெரும்பாலும் "செம", "மொக்கை" என்ற இரண்டோடு நின்றுவிடும். இரண்டுக்கும் பதில் பேச முடியாது. அதைவிட ஆளுக்கொரு பதில் கொண்டுவாருங்கள்: இந்த உலகத்தில் எது நடக்காது? அதை மீறினால் யார் விலை கொடுக்கிறார்கள்?

உர்சுலா லெ க்வினின் 'எர்த்சீ' வரிசையில் முதல் நாவலை (1968) எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன் மேல் மந்திரம் செல்லும். ஒரு தீவுக்கு மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காயலாம். கெட் என்ற பையன் வீம்புக்கு, என்றோ இறந்த ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். திறந்த வழியாக ஒரு நிழலும் வெளியே வந்துவிடுகிறது. அந்த வழியை அடைக்கப்போன முதிய தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். மீதி நாவல் முழுக்க கெட் அந்தக் கடனைத்தான் அடைக்கிறான். எந்த மந்திரம் இலவசமாக நடந்தது என்று ஒருவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டட்டும், இன்னொருவர் மறுக்கட்டும். ஒரு மாலை போதாது.

அடுத்த தகராறு, எதுவரை படிப்பது என்பது. பக்க எண்ணை நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாய எண் பரவாயில்லை, ஆனால் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) நாவலில் அதுவும் கிடையாது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மேற்கோளோடு தொடங்கும். நிறுத்தவேண்டிய மேற்கோளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். முதல் நூறு பக்கத்தில் பலர் கழன்றுகொள்வார்கள், காரணம் பெயர்கள். பின்னால் சொல்லகராதி இருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஓடினால் கதை ஓடாது. குடும்பங்களை மட்டும் ஒருவர் ஒரு தாளில் எழுதி, புத்தகத்துக்குள் செருகிவைத்தால் போதும். "கதையைச் சொல்லிடாதே" என்ற கூச்சலும் இங்கே வேண்டியதில்லை. துரோகி யார் என்பதை ஹெர்பர்ட்டே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறார். எப்போது, எப்படி என்பதில்தான் பதற்றம். (இதை முதலில் நூலாகப் போட்டது கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன பதிப்பகம். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள்.)

வரிசை நாவல்களை வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். சி. எஸ். லூயிஸின் 'நார்னியா' நூல்கள் சேர்ந்து வரும் பெட்டியில் இன்று 1 என்று எண் போட்டு வருவது 1955-இல் ஆறாவதாக வந்த நூல். 1950-இல் வந்த முதல் நூலோ, அஸ்லான் என்ற சிங்கம் யாரென்று தெரியாத வாசகனுக்காக எழுதப்பட்டது. எண்ணை நம்பித் தொடங்கினால் அந்த வியப்பு போச்சு. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' (1951) தொடருக்கும் இதே கதி. 1988-இல் எழுதிய முன்கதையை முதலில் எடுக்காதீர்கள்.

ஆங்கிலம் தடுக்கும் நண்பர் இருந்தால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. வாரத் தொடராக வந்தது என்பதால் வாரத்துக்குக் கொஞ்சமாகப் படித்துப் பேச அளவெடுத்த மாதிரி இருக்கும். அதில் வரும் ஜீனோ நாய்க்குட்டியா, எந்திரமா என்ற சண்டைக்கு நான் எப்போதும் நாய்க்குட்டி கட்சி.

இனி பிரதி விஷயம். நீலகிரியில், கூடலூரில் ஒருவர், ஊட்டியில் இருவர், கோத்தகிரியில் ஒருவர், கையில் ஒரே புத்தகம் என்றால் மழையைப் பார்த்துத்தான் சுற்றுக்கு விடவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூரை நனைத்தெடுக்கும். அப்போது புத்தகம் கோத்தகிரிப் பக்கம் இருக்கட்டும். அக்டோபர் பிறந்தால் வடகிழக்கு மழை கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவைப் பிடிக்கும், கூடலூருக்கு அனுப்புங்கள். மழை அடிக்கும் சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், இடைவெளி விட்டு நிறுத்திவையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் கட்டினால் பூஞ்சை உள்ளேயே வளரும்.

பூத்துவிட்டதா? ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும். காற்றோட்டமான நிழலில் விரித்து நன்றாகக் காயவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நின்று மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். அந்த வாரக் கூட்டத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம்.