வால்சிங்கம் மாதாவுக்கு அம்மா வைத்த நேர்த்தி

முழங்கால் ஒப்பரேசனுக்குப் போகும்போதே அம்மா நேர்த்தி வைத்துவிட்டார்: எழும்பி நடந்தால் வால்சிங்கம் மாதாவிடம் வெறுங்காலோடு வருவேன் என்று. இலங்கையில் இருக்கும் மடு மாதா கோயிலுக்குப் போகமுடியாத ஏக்கத்தை நோர்ஃபோக்கில் இருக்கும் இந்த மாதாவிடம்தானே லண்டன் தமிழர் பலர் ஆற்றிக்கொள்கிறோம். இந்த ஜூலைத் தமிழர் யாத்திரையில் அதை நிறைவேற்றினோம்.

சனமென்றால் அப்படிச் சனம். கார் நிறுத்தவே ஒரு மணித்தியாலம். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் ஒரு அக்கா முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனார், கையில் செபமாலை வேறு! சரி, மாதா பார்த்துக்கொள்வா.

பூசை முடிந்ததும் ஸ்லிப்பர் சாப்பல் என்ற சிற்றாலயத்தில் அம்மா செருப்பைக் கழற்றினார். அங்கிருந்து பழைய மடத்துக்கு ஒரு மைல். தார் ரோட்டுப் பொடிக்கல் குத்தக் குத்த, இருபது அடிக்கு ஒருமுறை என் தோளைப் பிடித்து நின்றார். 'அருள் நிறைந்த மரியே' மட்டும் நிற்கவில்லை. 1511இல் எட்டாம் ஹென்றி அரசனும் இங்கே வெறுங்காலோடு வந்தான் என்பார்கள். அதே அரசனின் ஆட்சியில்தான் 1538இல் மடத்தை மூடினார்கள். மாதாவின் சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள்.

அகுஸ்தீன் சபைத் துறவிகளின் அந்தப் பெரிய கோயிலில் இப்போது உயரமாக நிற்பது கிழக்குச் சன்னலின் வளைவுதான். கண்ணாடி இருந்த இடத்தில் வானம். பக்கத்துப் புல்தரையில், நாசரேத்தில் மாதா வாழ்ந்த திருவீட்டின் மாதிரி நின்ற இடத்தை அடையாளம் வைத்திருக்கிறார்கள். 1061இல் ரிச்சல்டிஸ் என்ற சீமாட்டி, மாதா காட்சி கொடுத்துச் சொன்னபடி கட்டியதாம்.

சுரூபத்தை எரித்த கதையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

"எரிச்சே போட்டாங்கள்? 2008இல சண்டைக்குள்ள எங்கட சுவாமிமார் மடு மாதாவை தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகாட்டில் என்ன ஆகியிருக்கும் தம்பி?"

முழந்தாளிட ஏலாது. என் கையைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து புல்லைத் தொட்டு, அந்த விரல்களை முத்தமிட்டார். அதே முழங்கால்தான், மார்ச்சில் கட்டிலைவிட்டு இறங்க மறுத்த முழங்கால். அதற்குப் பிறகு எதைப் பார்த்தேன், எதைப் படம் எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மாதாவே, உமக்கு நன்றி. ஆயிரம் தடவை நன்றி.

காருக்குத் திரும்பவும் அதே ஒரு மைல். செருப்பு என் பைக்குள்தான் இருந்தது. நீட்டினேன். வேண்டாமென்று முன்னால் நடந்தார்.