கிளார்க் தளமும் ஈரச் சாம்பலும்

வெளியேற்றத் திட்டம் போடுகிற எங்கள் வேலையில் பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளத்தைத்தான் சரியாக நடந்த உதாரணமாகக் காட்டுவோம். 1991 ஜூன் 10 அன்று, பினடுபோ எரிமலை வெடிப்பதற்கு முன்பே, சுமார் 14,500 அமெரிக்கர்களைச் சாலை வழியே சூபிக் கடற்படைத் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காவலுக்கும் பராமரிப்புக்கும் சுமார் 1,500 பேர் மட்டும் தங்கினார்கள். பெருவெடிப்பு 15-ஆம் தேதி.

பயிற்சியில் ஒருவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது: "நெருப்புப் பாய்ச்சல் கிளார்க் குடியிருப்பு வரைக்கும் வரவே இல்லையே சார். போன சூபிக்லயும் சாம்பல் பாரத்துல கூரை விழுந்துச்சே? அப்போ எதுக்கு அனுப்பணும்?" நெருப்புப் பாய்ச்சல் என்றால் எரிமலைச் சரிவில் பாய்ந்து இறங்கும் சுடு வாயுவும் சாம்பலும்.

வாயு அளவைச் சொல்லித்தான் பதில் சொன்னேன். கந்தக டை ஆக்சைடு மே 13-இல் நாளுக்கு 500 டன். மே 28-இல் 5,000-ஐத் தாண்டியது. ஜூன் 5-க்குள் 300-க்கும் கீழே இறங்கிவிட்டது. வாயு குறைந்தால் மலை அடங்குகிறது என்று தோன்றும். ஆனால் நிலநடுக்கங்கள் குறையவில்லை. வாயு வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று எரிமலை ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஜூன் 7-இல் எரிமலைக்குழம்பு மலைச்சரிவில் பிதுங்கியது; 9-ஆம் தேதி எச்சரிக்கை உச்சமான ஐந்தாம் நிலைக்கு ஏறியது. அதற்குப் பிறகும் தளத்தில் குழந்தைகளை வைத்திருக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் கேள்வி அதுவல்ல, எங்கே அனுப்பினார்கள் என்பதுதான். கிளார்க் மலைக்குக் கிழக்கே 20 கி.மீ-க்குச் சற்று மேல். சூபிக் தெற்கே ஏறக்குறைய 35 கி.மீ. தூரக் கணக்கில் தவறே இல்லை. ஆனால் பெருவெடிப்பு நாளன்றைக்கென்று யுன்யா சூறாவளி வந்து சாம்பலை எல்லாத் திசையிலும் வீசியது, மழையில் நனைத்தது. 10 செ.மீ. உலர் சாம்பல் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நனைந்தால் 150, 200. நடுவில் தூண் இல்லாத அகலக் கூரைகள்தான் முதலில் போகும்: விமானக் கொட்டகை, உடற்பயிற்சிக் கூடம். அதாவது, வந்தவர்களை நாம் படுக்க வைக்கிற இடங்கள். சாம்பலை ஒரு சரிவில் மட்டும் தள்ளினாலும் பாரம் ஒருபக்கம் சாய்ந்து கூரைச் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். இரண்டு சரிவிலும் மாற்றி மாற்றி, உலர்ந்திருக்கும்போதே தள்ள வேண்டும். குழாய்த் தண்ணீர் பீய்ச்சவே கூடாது.

ஜூன் 10-இல் சூறாவளியை யார் கண்டார்கள் என்று வாதாடலாம். நானும் அப்படித்தான் வாதாடினேன். ஆனால் ஜூன் அங்கே மழைக்காலம். அது தெரிந்ததுதானே?

மலைச்சரிவிலிருந்து முன்கூட்டியே இறக்கிவிடப்பட்ட ஏட்டா பழங்குடி மக்களில் பலர் முகாம்களில் தட்டம்மையால் செத்தார்கள். அவர்களையும் மீட்கப்பட்டவர்கள் கணக்கில்தான் எழுதுகிறோம்.

தளம் அதோடு முடிந்தது. அமெரிக்கத் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தைப் பிலிப்பைன்ஸ் செனட் செப்டம்பர் 16-இல் நிராகரித்தது. நவம்பர் 26-இல் கிளார்க்கில் அமெரிக்கக் கொடி இறங்கியது.

இப்போது எங்கள் படிவத்தில் தங்குமிடத்தின் கூரை அகலத்துக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அது நிரம்பும்வரை காத்திருந்தால் ஜூன் 10 காலை வண்டிகள் கிளம்பியிருக்குமா? தெரியவில்லை.