அந்த டிக்கை யார் போட்டது?

"தம்பி, இந்த டிக்கை யார் போட்டது?"

ஆதார் பதிவு தொடங்கிய புதிதில் எத்தனையோ பேர் நான் பதிவு செய்த மேசைக்கு முன் உட்கார்ந்து எழுந்து போனார்கள். இப்படிக் கேட்டவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். பதிய வருபவர் சரிபார்க்க அவர் பக்கம் ஒரு திரை இருக்கும். பெயர், பிறந்த தேதி, முகவரியோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். அவர் சம்மத வரியையும் படித்துவிட்டார். நலத்திட்டச் சேவை தரும் அமைப்புகளோடு என் தகவலைப் பகிர ஆட்சேபணை இல்லை என்பது அதன் சாரம். 'ஆம்' என்பதில் டிக் இருந்தது. போட்டவன் நான்.

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது ஐயா."

"இல்லைன்னு போட்டா?"

"நாளைக்கு மானியம் அது இதுன்னா சிக்கல் வரலாம். எதுக்கு வம்பு?"

சிக்கல் வரும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

வேலையின் வேகமும் அப்படி. இடது கை நான்கு விரல், வலது கை நான்கு விரல், பிறகு இரண்டு பெருவிரல். அதன்பின் கருவிழி. மண்வெட்டி பிடித்த கை, சிமெண்ட் கலந்த கை என்றால் ரேகை தேய்ந்திருக்கும். தரம் சிவப்பில் நிற்கும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, விரல்மேல் நாமே அழுத்திப் பிடித்து, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். வாசல் வரை வரிசை. இதில் சம்மத வரியை யாருக்குப் படித்துக் காட்டுவது? ஆனால் படித்துக் காட்ட அரை நிமிடம்கூட ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

"என் ரேகை இந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்குமா?" என்றும் கேட்டார். இருக்காது, பூட்டி மேலே அனுப்பிவிடும் என்றேன். அது சரியான பதில்தான். மென்பொருள் மொத்தப் பதிவையும் 2048 பிட் சாவியால் மறையாக்கம் செய்துதான் வைக்கும்; திறக்கும் சாவி எங்களிடம் கிடையாது. ஆனால் அவர் கொடுத்த சான்றுகளின் நகல்கள் மேசையோரம் திறந்த அட்டைப்பெட்டியில் கிடந்தன. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போது ஆதாருக்குத் தனிச் சட்டமே கிடையாது. அது 2016-இல்தான் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012-லேயே வழக்குத் தொடுத்திருந்தார். ஆதார் இல்லை என்பதற்காக யாரும் பாதிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 தீர்ப்பில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதி விழுந்தது. மானியத்துக்குக் கேட்கலாம் என்பது நின்றது. அப்படியானால் நான் சொன்ன "சிக்கல் வரலாம்" கடைசியில் பலித்துவிட்டது என்று சில சமயம் சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அன்று அது உண்மையில்லை.

இப்போது யாராவது கேட்டால் விவரமாகச் சொல்கிறேன். நகல் கேட்கும் இடத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். 12 இலக்க எண்ணுக்குப் பதில் 16 இலக்க மெய்நிகர் எண்ணைப் பயன்படுத்துங்கள். பயோமெட்ரிக்கை, அதாவது ரேகை, கருவிழிப் பதிவை, பூட்டி வையுங்கள். பத்திரப்பதிவு ஆவணத்திலிருந்த ரேகையை சிலிகானில் வார்த்து, விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் கணக்கைத் துடைத்தவர்கள் உண்டு. பூட்டியிருந்தால் அது நடக்காது. ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் திறக்க வேண்டும். அதற்கு ஓடிபி வேண்டும், பதிவான செல்பேசி எண் கையில் இருக்க வேண்டும். ரேகை தேய்ந்த அந்தக் கைகளில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? அவர்களுக்கு நான் பூட்டச் சொல்வதா, வேண்டாம் என்பதா? இன்றும் ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அன்றும் ஆளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"தெரியாது ஐயா. உங்க இஷ்டம், 'இல்லை'ன்னே போடட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். டிக்கை எடுக்க ஒரு க்ளிக் போதும்.