அப்பாவின் சிம்மை அணைத்துவிடாதீர்கள்: வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும்

தெரிந்தவர் வீட்டில் துக்கம் என்றால், காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது ஒன்றுதான்: இறந்தவரின் மொபைல் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டு வையுங்கள். கேட்பவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கிராமத்து வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர்தான். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, அம்மாவின் ஆதார், கேஸ் புக்கிங், பேங்க் கணக்கு நான்கிலும் இருந்தது அப்பாவின் நம்பர். அரசு சேவை முழுக்க ஓடிபியில் திறக்கிற இந்தக் காலத்தில் அந்த சிம் போய்விட்டால், உயிரோடு இருக்கும் அம்மாவாலும் தான் இன்னார் என்று நிரூபிக்க முடியாது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்களுக்கு இருப்பது கொஞ்சம் புன்செய் நிலமும் ஒரு கிணறும். அது அப்பா பெயரில் இருந்தது. அதை எங்கள் பெயருக்கு மாற்ற வரிசையாக மூன்று தாள்கள் வேண்டும்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அதன் பிறகு பட்டா மாற்றம். மூன்றுக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் விண்ணப்பம் மட்டும்தான் இணையத்தில் இருக்கிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

இறப்புச் சான்றில் சிக்கலே இல்லை. அப்பா இறந்தது அரசு மருத்துவமனையில். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமும் இல்லை. மருத்துவமனையிலேயே விவரம் வாங்கிப் பதிந்துவிட்டார்கள். பிறகு கியூஆர் கோடு போட்ட சான்றை வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டேன். வார்டில் விவரம் எழுதும்போது ஆதாரைப் பார்த்துப் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கச் சொல்லி ஒரு நர்ஸ் அக்கா நச்சரித்தார். "இப்ப பார்க்கலன்னா அப்புறம் ஒவ்வொரு ஆபீஸா அலையணும் தம்பி" என்றார். பிறகு நடந்ததையெல்லாம் பார்த்தால், அவர் சொன்னதற்கு மேல் உருப்படியான அறிவுரை எனக்கு யாரிடமும் கிடைக்கவில்லை.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்குப் போனோம். கட்டணம் 60 ரூபாய். மையத்தில் இருந்த பெண் கணினியைத் தொடுவதற்கு முன்பே கேட்டாள்: "அண்ணா, இறந்தவரோட அம்மா உயிரோட இருக்காங்களா?" இருக்கிறார். ஆயாவுக்கு எண்பதுக்கு மேல் வயது, அத்தை வீட்டில் இருக்கிறார். "அப்ப அவங்களும் வாரிசு." எங்கள் யாருக்கும் இது தெரியாது. மனைவி, பிள்ளைகள், அவ்வளவுதான் வாரிசு என்றே ஊரில் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் வரமாட்டார். இவ்வளவு முக்கியமான சங்கதியைப் படிவம் முதல் வரியிலேயே கேட்க வேண்டாமா? அங்கே இருப்பது 'குடும்ப உறுப்பினர் விவரம்' என்று ஒரு வெற்று அட்டவணை. பெயர், உறவு, வயது, திருமண நிலை. யாரைச் சேர்க்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை, மையத்தில் இருக்கும் பெண்தான் சொல்கிறாள். அன்று அவள் லீவில் இருந்திருந்தால் ஆயா இல்லாமலே விண்ணப்பம் போயிருக்கும்.

அதற்கும் முன்னால் அம்மாவுக்கு கேன் எண் (CAN, விண்ணப்பிப்பவருக்கான பதிவு எண்) எடுக்க வேண்டும். வருவாய்த் துறைச் சான்று எதற்கும் இந்த எண்தான் வாசல். ஒரு முறை பதிந்தால் போதும், சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் அதே எண் என்பது நல்ல ஏற்பாடு. சிக்கல் பெயர்க் கட்டத்தில் வந்தது. ஆங்கிலத்தில் அடித்ததும் தமிழ்க் கட்டத்தில் தானாகவே ஒரு பெயர் விழுகிறது. அம்மா பெயரில் இருக்கும் 'ள' அங்கே 'ல' ஆகிவிட்டது, நடுவில் ஒரு ஒற்றும் காணாமல் போனது. அந்தப் பெண் தினமும் இதைப் பார்த்துப் பழகியவள். தமிழ்க் கட்டத்தை முழுக்க அழித்துவிட்டுக் கையால் அடித்தாள். வீட்டிலிருந்து அவசரமாக விண்ணப்பிப்பவர் அந்தக் கட்டத்தைத் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். சான்றிதழில் அச்சாகி வரும்போதுதான் தெரியும்.

ஓடிபி அப்பாவின் நம்பருக்குப் போனது. நல்லவேளையாக சிம் என் சட்டைப் பையில் இருந்த பழைய போனில் உயிரோடு இருந்தது. அன்று மாலையே அம்மாவின் ஆதாரில் நம்பரை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு ஆதார் மையத்துக்கு அலைய வேண்டியதில்லை, போஸ்ட்மேனிடம் சொன்னால் வீட்டுக்கே வருவார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலமாக 2021 முதல் இந்தச் சேவை நடக்கிறது. எங்கள் போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து கைக்கடக்கமான ரேகைக் கருவியை நீட்டினார். அம்மாவுக்கு நாற்பது வருடமாகக் களை எடுத்துத் தேய்ந்த கை. கட்டை விரல் விழவில்லை, ஆள்காட்டி விரலும் விழவில்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார், மோதிர விரலில் பிடித்துக்கொண்டது. இந்த வித்தை எந்த வழிகாட்டிக் குறிப்பிலும் கிடையாது.

இனி பெயர்கள். ஆயாவின் ஆதாரில் பெயர் 'அம்மா' என்று முடிகிறது, ரேஷன் கார்டில் 'அம்மாள்'. அப்பாவின் இனிஷியல் ஆதாரில் பெயருக்குப் பின்னால், பேங்கில் முன்னால், இறப்புச் சான்றில் ஆதார் மாதிரியே. தங்கைக்கு ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து. ஊரில் எவரைக் கேட்டாலும் இவர்கள் யார் யார் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். கணினிக்கு ஒரு 'ள்' கூடினாலே வேறு ஆள். ஆதார் ஒரு அரசு ஆவணம், ரேஷன் கார்டு இன்னொரு அரசு ஆவணம், பட்டா மூன்றாவது. மூன்றும் அரசிடமே இருக்கிறது. ஆனால் அவை மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது நாம். இந்த முழு அலைச்சலிலும் எனக்கு எரிச்சல் மூட்டியது கட்டணமோ காத்திருப்போ அல்ல, இதுதான்.

ஆவணங்களை ஏற்றும் இடத்தில் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. போனில் எடுத்த படம் எதுவும் அதற்குள் அடங்காது. சுருக்கினால் எழுத்து மங்கிவிடும்; மங்கினால் மேலே உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கள் விண்ணப்பம் ஒரு முறை திரும்பி வந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் குறிப்பில் இருந்தது "உரிய ஆவணம் இணைக்கவும்" என்ற மூன்று சொற்கள் மட்டுமே. எந்த ஆவணம், ஏற்கெனவே இணைத்ததில் என்ன குறை என்று ஒரு வார்த்தையும் இல்லை. திருப்பி அனுப்பும் அலுவலருக்கு முன்னால் நான்கைந்து காரணங்களைப் பட்டியலாக வைத்து, எந்த ஆவணம் என்று டிக் அடித்தால்தான் பொத்தான் வேலை செய்யும் என்று அமைத்தால் போதும். ஒரு நாள் வேலைகூட ஆகாத மாற்றம் என்று என் மென்பொருள்கார நண்பன் சொல்கிறான். அவன் எல்லாவற்றையும் ஒரு நாள் வேலை என்றுதான் சொல்வான், இருந்தாலும் இதில் நான் அவன் பக்கம்.

ஆயாவின் ஆதாரைப் பக்கத்துக் கடையில் தெளிவாக ஸ்கேன் செய்து மறுபடி ஏற்றினோம். அதன் பிறகு நடந்தது அந்தக் காலத்து முறையேதான். வி.ஏ.ஓ. கூப்பிட்டார். அம்மா, நான், தங்கை மூவரும் போனோம். ஆயாவால் வர முடியாது என்றதும், அத்தை ஊர் பக்கம்தான் என்பதால் மாலையில் அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கம்பக்கத்தார் இருவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார், காகிதத்தில், நீல மையில். அதை மறுபடி ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஏற்றினார். கணினியில் பிறந்த விண்ணப்பம் காகிதமாகி, மீண்டும் கணினிக்குள் போனது. கேலிக்காகச் சொல்லவில்லை. இரண்டாம் குடும்பம் இருக்கிறதா, யாரையாவது விட்டுவிட்டார்களா என்பதை ஊரில் விசாரித்தால்தான் தெரியும், அந்த வேலையை எந்தத் தரவுத்தளமும் செய்யாது. வி.ஏ.ஓ. அந்த நேரத்தை விசாரணைக்குச் செலவிட்டால் சரி. ஸ்கேனருக்கு முன்னால் செலவிடுவதுதான் வீண்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த முறையைப் பாராட்டியே ஆக வேண்டும். விண்ணப்ப எண்ணைப் போட்டால் ஃபைல் இப்போது வி.ஏ.ஓ.விடமா, வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடமா, தாசில்தாரிடமா என்று தெரிகிறது. தாத்தா இறந்தபோது இதே வேலைக்கு அலைந்த அப்பா, "ஃபைல் எங்க இருக்குன்னு கேக்கறதுக்கே டீ வாங்கித் தரணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எங்களை யாரும் ஒரு டீ கேட்கவில்லை. ஃபைல் யார் மேசையில் நிற்கிறது என்பது வெளியில் தெரிந்துவிட்டால் அதை அங்கே வைத்துக்கொண்டிருப்பது சங்கடம்தான். ஆர்.ஐ. கட்டத்தில் கொஞ்ச நாள் நகராமல் நின்றபோது முதல்வர் உதவி எண் 1100-க்கு அழைத்து விண்ணப்ப எண்ணைச் சொன்னேன். நகர்ந்தது. அழைப்பினால்தானா, இல்லை அவருக்கே நேரம் கிடைத்ததா என்று சொல்ல மாட்டேன். டிஜிட்டல் கையொப்பத்தோடு சான்று வந்ததும் எஸ்.எம்.எஸ். வந்தது, வீட்டிலேயே இறக்கிக்கொண்டோம்.

பட்டா மாற்றத்துக்குத் தமிழ்நிலம் தளம். மொபைல் நம்பர் போட்டு உள்ளே போய், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: பாகம் பிரிக்காமல் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா போடுவதென்றால் உட்பிரிவு இல்லாத இனம், மண்டலத் துணை வட்டாட்சியர் அளவிலேயே முடிந்துவிடும். ஆளுக்கொரு பங்காகப் பிரிப்பதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்தாக வேண்டும். "என் பங்கை நீயே வெச்சுக்கோ" என்று தங்கை வாயால் சொன்னால் ஆகாது, அதற்கு விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். நாங்கள் கூட்டுப் பட்டா போதும் என்று நான்கு பெயரையும் போட்டோம்.

இங்கேயும் ஒரு பெயர் வழிமறித்தது. பட்டாவில் அப்பா பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கர்ணம், மணியம் பதவிகளை ஒழிக்கும் வரை, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் கூப்பிட்டபடி எழுதியதுதான் பெயர். அந்தப் பழைய கணக்கு யு.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேட்டுக்குப் போய், அங்கிருந்து கணினிக்கு அப்படியே ஏறிவிட்டது. ஆதாரில் அந்தப் பட்டம் இல்லை. "இருவரும் ஒருவரே" என்று வி.ஏ.ஓ. எழுதித் தந்த பிறகுதான் வேலை நடந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே சிட்டாவைத் திறந்து பெயரைப் பார்த்துவிடுங்கள். காசு இல்லை, புல எண் தெரிந்தால் போனிலேயே தெரியும். அவர் இருக்கும்போது திருத்துவது ஒரு மனு. இல்லாதபோது திருத்துவதற்கு வாக்குமூலம், சாட்சி, வாரிசு எல்லாம் வேண்டும்.

கூட்டுப் பட்டா கையில் வந்த பிறகு, வேளாண் துறை முகாமில் விவசாயிகளுக்கான தனி அடையாள எண் வாங்க அம்மாவோடு போனேன். வழக்கம்போல எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கோப்பில் வைத்திருந்தேன். அங்கிருந்தவர் ஆதார் எண்ணையும் புல எண்ணையும் கேட்டார். பட்டா விவரம் அவர் திரையிலேயே வந்து விழுந்தது, இரண்டு பதிவிலும் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் அதுவே ஒப்பிட்டுக் காட்டியது. அம்மாவின் போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னோம், முடிந்தது. கோப்பை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

அதே அரசு, அதே பட்டா. அங்கே முடிகிறது என்றால் இறப்புச் சான்றிலும் முடியாதா? ரேஷன் கார்டில் அப்பா பெயரை நீக்கவும் குடும்பத் தலைவரை மாற்றவும் அதே இறப்புச் சான்றை நாங்கள்தான் மறுபடி ஏற்றினோம். கிணற்று மோட்டார் ஈபி இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றும் வேலை இன்னும் பாக்கி. அதற்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மூன்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன்.