ஐசியூ கதவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது

ஐசியூவுக்குள் வீட்டு ஆட்களை விட்டால் தொற்று வரும், வேலை கெடும், கூச்சல் ஆகும். இதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. சீனியர் சிஸ்டர் நமக்குச் சொல்வார், நாம் ஜூனியருக்குச் சொல்வோம், அப்படியே போய்க்கொண்டிருக்கும். பாளையங்கோட்டையில் ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். எம்.எஸ்சி. படித்தபோது இதைப் பற்றி வந்திருக்கிற ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். அப்போதிருந்து, எங்கள் கதவுக்கு வெளியே படிக்கட்டில் ஒயர் கூடையும் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது.

பெரிய ஆய்வு பிரேசிலில் நடந்தது. 2019இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. 36 ஐசியூக்கள், 1685 நோயாளிகள். ஒரு கட்டத்தில் வழக்கமான குறைந்த நேரம், அதாவது நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போல. இன்னொரு கட்டத்தில் குடும்பத்தார் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை கூடவே இருக்கலாம். நாம் பயப்படுகிற தொற்று கூடவில்லை. நர்ஸ், டாக்டர்களின் அலுப்பும் சலிப்பும் கூடவில்லை. வீட்டு ஆட்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகவே குறைந்திருந்தன.

ஆனால் அவர்கள் முக்கியமாக எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஐசியூ நோயாளிகளுக்கு வரும் பிதற்றல் நிலை, நாங்கள் டெலிரியம் என்போம், அது குறையும் என்று நினைத்தார்கள். இரண்டு கட்டத்திலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு அது வந்தது. எனக்கு இந்த ஆய்வை ரொம்பப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். நேரத்தைக் கூட்டிக் கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. உள்ளே வந்தவர் என்ன செய்கிறார், அவரிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் இது இன்னும் வேதனையாக இருக்கிறது. சாதாரண வார்டில் கஞ்சி கொடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, பெட்பான் வைப்பது வரை வீட்டு ஆள்தான் செய்வார். அதே பேஷண்ட் ஐசியூவுக்கு மாறியதும் அந்த அம்மா அந்நியராகிவிடுவார். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்று மருந்துச் சீட்டு, இல்லையென்றால் கையெழுத்து. சாயங்காலம் ஒரு ஆள், சில நிமிஷம். "பாத்தாச்சுல்லா, வெளிய வாங்க."

முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நிமோனியாவில் வந்து வென்டிலேட்டரில் இருந்தார். மயக்க மருந்தைக் குறைத்துவிட்டு, "ஐயா, கண்ணைத் திறங்க" என்று கூப்பிட்டுப் பார்ப்போம். குரலுக்கு எப்படி முழிக்கிறார் என்பதை வைத்துத்தான் மதிப்பெண். அவர் குரலுக்கு அசையவே இல்லை. தொட்டால் மட்டும் கை நகரும். எல்லா ஷிஃப்டிலும் மைனஸ் நாலு, அதாவது ஆழ்ந்த மயக்கம், என்றே ஏறிக்கொண்டிருந்தது. மூளையில் ஏதாவது ஆகியிருக்குமோ, தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று பேச்சு வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் மனைவி வந்தார். பீடி சுற்றுகிறவர். நான் கை கழுவச் சொல்லி, மருந்தும் தேய்க்கச் சொன்னேன். அதற்கப்புறமும் விரல் நுனியில் புகையிலை வாசம் இருந்தது. நான் வழக்கம்போல இடது பக்கம் நின்று பெரியவரைக் கூப்பிட்டேன். வலது பக்கம் முழுக்க மெஷின். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அவியளுக்கு அந்தக் காது சின்னப் பிள்ளையிலயே போச்சும்மா. இந்தப் பக்கம் வந்துல்லா கூப்பிடணும்" என்றார். வென்டிலேட்டர் டியூபுக்கும் கட்டில் கம்பிக்கும் நடுவில் குனிந்து, வலது காதில், "ஏங்க, இன்னா பாருங்க, நான்தான் வந்திருக்கேன்" என்றார். பெரியவர் கண்ணைத் திறந்தார். திறந்து, அந்த அம்மா முகத்திலேயே நிறுத்தினார்.

சிடி தேவைப்படவில்லை. டியூபை எடுக்கும் பேச்சு ஆரம்பித்தது. எங்கள் அட்மிஷன் ஷீட்டில் சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. எந்தக் காது கேட்கும் என்பதற்குக் கட்டம் இல்லை. அது வாசலில் உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் கிரிட்டிக்கல் கேர் மெடிசின் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது: குடும்பத்தார் படுக்கையருகே இருக்க வழி செய்யுங்கள், விருப்பமிருந்தால் டாக்டர் ரவுண்ட்ஸிலும் கூட நிற்கட்டும். அமெரிக்காவில் சின்னதாக ஒரு ஆய்வு நடந்தது, முப்பது பேர்தான். குடும்பத்தாரின் குரலைப் பதிவு செய்து, "நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், பயப்படாதீர்கள்" என்று அவ்வப்போது போட்டுக் காட்டியபோது, டெலிரியம் இல்லாத நாட்கள் கூடின. சின்ன ஆய்வு என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் மகன் துபாயிலும் மகள் சென்னையிலும் இருக்கிற நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைவிடச் சுலபமானது எது? வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பச் சொன்னால் போதும்.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூர் இலை விபூதியை நெற்றியில் பூசலாம். வேளாங்கண்ணி எண்ணெய், ஓதிய தண்ணீர் எல்லாம் நெற்றியில், கையில் தடவலாம், நான் தடுத்ததே இல்லை. வாயில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. டியூப் இருக்கிறவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பதிலாக, நனைத்த காஸ் துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள், விரல்களை மடக்கி நீட்டுங்கள், கண்ணாடி போட்டுவிடுங்கள், பேப்பர் வாசித்துக் காட்டுங்கள். கையைக் கட்டிப்போட வேண்டிய பேஷண்டுக்குப் பக்கத்தில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவ்வளவு நேரமும் கட்டை அவிழ்த்து வைத்திருக்கலாம்.

கேஷுவால்ட்டியில் வீட்டு ஆள் இன்னும் முக்கியம். பக்கவாதம் என்றால் நாங்கள் முதலில் கேட்பது, "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என்றுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் எழுந்திருக்கும்போதே வாய் கோணியிருந்தது என்றால், ராத்திரி படுக்கப் போன நேரத்திலிருந்து கணக்கு. அந்த நேரத்தை எந்த மெஷினும் சொல்லாது. விஷம் குடித்து வந்தால் பாட்டிலைக் கொண்டுவாருங்கள். பூச்சி மருந்தில் ஒரு வகைக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து கொடுப்போம். சில களைக்கொல்லிக்கு ஆக்சிஜன் தேவையில்லாமல் கொடுப்பதே கெடுதல். அரளிக்காய் என்றால் இதயத் துடிப்பை விடாமல் பார்க்க வேண்டும். பாம்பை மட்டும் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்து வராதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். தேடுகிற நேரம்தான் வீண்.

நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கும்போது, அதாவது சிபிஆர் செய்யும்போது, சொந்தக்காரர் பார்க்கலாமா? இதில்தான் எங்களுக்குள் சண்டையே வரும். பிரான்சில் 570 உறவினர்களை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வந்தது. வீட்டுக்கே ஆம்புலன்ஸ் குழு போய் சிபிஆர் செய்த கேஸ்கள். ஒரு பாதிக் குடும்பங்களிடம், "கூட இருக்கிறீர்களா?" என்று முறையாகக் கேட்டார்கள், பக்கத்தில் ஒருவர் நின்று விளக்கினார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அப்படிக் கேட்கப்படாதவர்களுக்குத்தான் அதிர்ச்சியின் பாதிப்பு அதிகம் இருந்தது. சிகிச்சை கெடவில்லை, குழுவினருக்கு அழுத்தம் கூடவில்லை, யாரும் கேஸ் போடவில்லை.

நம் கேஷுவால்ட்டி அப்படியில்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு விபத்து என்றால் மூன்று வேன் நிறைய ஆள் வரும். ஆஸ்பத்திரியில் அடிதடிக்கென்றே தமிழ்நாட்டில் 2008இல் தனிச்சட்டம் போட வேண்டி வந்தது. அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான்: ஒரே ஒருவரை உள்ளே நிறுத்துங்கள், அவர் பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்கட்டும். மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறவருக்கு, உள்ளே யாரும் எதுவும் செய்யவில்லை என்ற சந்தேகம்தான் முதலில் வரும். நாலு பேர் மாறி மாறி அமுக்கி வியர்வையில் நனைந்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு அது வராது.

பேச்சும் ஒரு சிகிச்சைதான். பிரான்சிலேயே 22 ஐசியூக்களில், காப்பாற்ற முடியாத நிலைக்கு வந்துவிட்ட நோயாளிகளின் குடும்பங்களிடம் டாக்டர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். வழக்கமான பேச்சில் குடும்பத்தார் வாய் திறந்தது ஐந்து நிமிஷம். அவர்களைக் கேட்டுக் கேட்டுப் பேசவைத்த குழுவில் பதினாலு நிமிஷம். மொத்தப் பேச்சு பத்து நிமிஷம்தான் கூடியது. மூன்று மாதம் கழித்து அதிர்ச்சி அறிகுறிகள் முதல் குழுவில் நூற்றுக்கு 69 பேருக்கு, இரண்டாவது குழுவில் 45 பேருக்கு. அந்தப் பத்து நிமிஷம் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காமல் போகாது.

ஆகவே, இந்தப் பக்கம் யாருக்காவது ஐசியூ வாசலில் நிற்க வேண்டி வந்தால், முதலில் உங்களுக்குள் ஒருவரைப் பேசுவதற்கு முடிவு செய்யுங்கள். மச்சான் தூத்துக்குடியிலிருந்து ஒரு போன், மருமகன் பெங்களூரிலிருந்து ஒரு போன் என்றால், எல்லோருக்கும் பாதிப் பாதிதான் தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் எந்தக் காது கேட்கும், கண்ணாடி உண்டா, பல் செட் உண்டா, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார், என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று எழுதிக் கொடுங்கள். ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், "நான் என்ன செய்யட்டும், சிஸ்டர்?" என்று கேளுங்கள். வேலை மும்முரத்தில் ஒரு சிஸ்டர் "இப்போ ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னால், ஷிஃப்ட் மாறி அடுத்தவர் வந்ததும் அவரிடமும் கேளுங்கள்.